முதலில் தண்ணீர், பிறகுதான் கரண்ட்: மின்னேற்றத்தால் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) சுத்தம் செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் ஷெட் திருவொற்றியூரில், விம்கோ நகர் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஆபீஸ் ஜன்னல் திட்டில் எப்போதும் இரண்டு கண்ணாடி பாட்டில்கள் இருக்கும். ஒன்றில், மின்புலத்தால் ஆயிலைச் சுத்தம் செய்கிற எங்கள் மெஷினில் ஏற்றுவதற்கு முன் எடுத்த ஹைட்ராலிக் ஆயில். டிக்காஷன் போல இருக்கும், பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து தெரியாது. இன்னொன்றில் அதே ஆயில், நாலு நாள் ஓடிய பிறகு எடுத்தது. அதன் வழியாகத் தினசரித் தலைப்பைப் படிக்கலாம்.

ஐடிஐ முடித்து வேலைக்கு வருகிற பையன்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ண்ணா, ஃபில்டர்ல புடிக்காத அழுக்கு கரண்ட்ல எப்டிண்ணா புடிக்கும்?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் ஸ்விட்சைத் தொடுகிறவர் பத்து வருடம் ஆனாலும் ஹெல்பராகவே இருப்பார். அதனால் பதிலிலிருந்தே தொடங்குகிறேன். மெஷின் பிறகு வரட்டும்.

அழுக்கு எவ்வளவு சின்னது

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வெறும் கண்ணுக்குத் தெரிகிற தூசி 40 மைக்ரான் வரை. பிரஸ்ஸிலும் மோல்டிங் மெஷினிலும் சாதாரணமாக இருக்கிற ஃபில்டர் 10 மைக்ரானோ 25 மைக்ரானோ இருக்கும். அதற்கு மேலே உள்ளதை அது பிடித்துவிடும். வால்வைச் சிக்கவைக்கிற அழுக்கோ அதற்குக் கீழே இருக்கிறது. ஆயில் சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டு உண்டாகிற பிசின், அதாவது நாம் வார்னிஷ் என்று சொல்வது, உருவாகும்போது 1 மைக்ரானுக்கும் சின்னது. ஃபில்டர் வழியாக வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்விடும்.

அப்படியே வைத்திருந்தால் அடியில் படியாதா? படியும், ஆனால் நம் ஆயுசு போதாது. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது படிகிற வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 50 மைக்ரான் மணல் ஒரு மணி நேரத்தில் இறங்குகிற ஆழத்தை 5 மைக்ரான் துகள் நாலு நாளில்தான் இறங்கும். அரை மைக்ரான் பிசினுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

கரண்ட் என்ன செய்கிறது

தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பைக் கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். துண்டுகள் எழுந்து ஒட்டும். சீப்பில் மின்னேற்றம் உண்டு, காகிதத்தில் இல்லை. இருந்தும் அது இழுக்கப்படுகிறது. சீப்பு அருகே வந்ததும் காகிதத்துக்குள்ளேயே நேர் மின்னேற்றம் ஒரு பக்கமும் எதிர் மின்னேற்றம் மறு பக்கமும் கொஞ்சம் விலகுகின்றன. சீப்புக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம் என்பதால் காகிதம் அந்தப் பக்கம் போகிறது.

நம் மெஷினுக்குள் நேர் ஒன்று, எதிர் ஒன்று என உலோகத் தகடுகள் இருக்கும், ஆயில் அவற்றின் நடுவே ஓடும். அங்கே இரண்டு வகை இழுப்பு நடக்கிறது. ஆயிலில் உரசி உரசி ஏற்கெனவே மின்னேற்றம் பெற்ற துகள்கள் உண்டு. நேர் மின்னேற்றம் பெற்றது எதிர்த் தகட்டுக்கும், எதிர் மின்னேற்றம் பெற்றது நேர்த் தகட்டுக்கும் நகரும். மின்னேற்றமே இல்லாத துகள், காகிதத் துண்டு போல, மின்புலம் அடர்த்தியாக உள்ள இடத்துக்கு நகரும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மடித்து மடித்து வைத்திருக்கிற பேப்பர் இதற்காகத்தான். மடிப்பின் முனையில் மின்புலம் நெருக்கமாகிறது, துகள் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ஆயில் அந்தப் பேப்பரைத் துளைத்துப் போக வேண்டிய தேவையில்லை, பக்கத்தில் மெதுவாக வழிந்து போனாலே போதும். அரை மைக்ரான் துகளைப் பிடிக்க அரை மைக்ரான் ஓட்டை தேவைப்படாதது இதனால்தான்.

இந்த வகை மெஷின்களில் வோல்டேஜ் வழக்கமாக 10,000 முதல் 15,000 வோல்ட் வரை, டிசி. ஆயில் நல்ல மின்கடத்தாப் பொருள் என்பதால் ஓடுகிற கரண்ட் மில்லியாம்ப் கணக்கில்தான் இருக்கும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்: ஆயில் கடத்தாமல் இருக்கிற வரைதான் இந்த வித்தை நடக்கும்.

இதற்கே அண்ணன் தம்பி போல இன்னொரு முறையும் உண்டு. ஆயிலை இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்றில் உள்ள துகளுக்கு நேர் மின்னேற்றமும் மற்றதில் உள்ளதற்கு எதிர் மின்னேற்றமும் கொடுத்து, மறுபடி ஒன்றாகக் கலப்பார்கள். எதிரெதிர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், பெரிதானதைச் சாதாரண ஃபில்டர் பிடிக்கும். உங்கள் கைக்கு வருகிற மெஷின் எந்த வகை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்பு இரண்டுக்கும் வேறு.

ரீஃபைனரியில் இதற்கு என்ன இடம்

நம் ஊர் பையன்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மணலி ரீஃபைனரி 1965-ல் மெட்ராஸ் ரீஃபைனரிஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு 1969-ல் ஓடத் தொடங்கியது. இன்று சென்னை பெட்ரோலியம் என்று பெயர். பெட்ரோல், டீசலோடு லூப் ஆயிலுக்கு மூலமான பேஸ் ஆயிலும் மெழுகும் அங்கே தயாராகின்றன. ஆக, நாம் சுத்தம் செய்கிற பொருள் பிறக்கிற இடமே பக்கத்தில்தான்.

எந்த ரீஃபைனரியிலும் கச்சா எண்ணெய் உள்ளே வந்ததும் முதலில் டீசால்ட்டர் என்ற பெரிய பாத்திரத்துக்குப் போகும். கச்சா எண்ணெயில் உப்புத் தண்ணீர் பொடிப்பொடித் துளியாகக் கலந்திருக்கும், அது உள்ளே போனால் குழாயை அரிக்கும். அதனால் கொஞ்சம் நல்ல தண்ணீரை வேண்டுமென்றே கலந்து, சூடாக்கி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்புலத்துக்குள் விடுவார்கள். துளிகள் நீண்டு, பக்கத்துத் துளியை இழுத்து, ஒன்று சேர்ந்து பெரிதாகி அடியில் இறங்கும். உப்பும் அதோடு போகும். இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர் ஃப்ரெடரிக் காட்ரெல் என்ற அமெரிக்க வேதியியலாளர், வருடம் 1911. அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற ஈஎஸ்பி இருக்கிறதே, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் வேலை செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள், அதற்கும் மூலவர் அவர்தான். காற்றில் சாம்பலைப் பிடித்த கையாலேயே எண்ணெயில் தண்ணீரைப் பிடித்தார்.

லூப் ஆயில் சுத்திகரிப்பிலும் இது நுழைந்தது. பழைய முறையில் லூப் ஆயிலை அடர் கந்தக அமிலத்தோடு கலக்குவார்கள். கெட்ட சமாச்சாரம் எல்லாம் கறுப்புக் கசடாகப் பிரியும். பெரிய கசடு படிந்துவிடும், மிளகுத்தூள் போன்ற பொடிக் கசடு மட்டும் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். அது ஆயிலோடேயே அடுத்த கட்டத்துக்குப் போனால் நிறமும் கெடும், அமிலத்தை முறிக்கிற காரமும் நிறம் எடுக்கிற களிமண்ணும் கூடுதலாகச் செலவாகும். மின்புலத்தில் விட்டால் அந்தப் பொடி ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் படிந்தது. பெரிய ரீஃபைனரிகளில் அமிலத்தின் வேலையைப் பின்னாளில் கரைப்பானும் ஹைட்ரஜனும் எடுத்துக்கொண்டன. பொடியைச் சேர்த்துப் பிடிக்கிற தத்துவம் நம் மெஷின் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் வேலை: என்ன ஆயில் என்று கேளுங்கள்

ஹைட்ராலிக் ஆயில், டர்பைன் ஆயில், கம்ப்ரஸர் ஆயில் இவற்றுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்யும். இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மாதம் ஒருவராவது போட் இன்ஜினில் வடித்த கறுப்பு ஆயிலைக் கேனில் எடுத்துக்கொண்டு வருகிறார். "தம்பி, இத சுத்தம் பண்ணிக் குட்த்தா எனக்கு ஒரு பேரல் காசு மிச்சம்." அவர் கஷ்டம் புரிகிறது, டீசல் விற்கிற விலைக்கு மிச்சம் பிடிக்க யாருக்கும் தோன்றும். ஆனால் இன்ஜின் ஆயிலில் புகைக்கரியைப் படியவிடாமல் மிதக்கவைப்பதற்கென்றே மருந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த மருந்து ஒவ்வொரு கரித்துகளையும் சுற்றிப் போர்த்தி வைத்திருக்கும். நாம் சேர்க்கப் பார்ப்போம், அது பிரிக்கப் பார்க்கும். போதாததற்கு அதில் டீசல் கலந்திருக்கும், தீப்பிடிக்கிற வெப்பநிலை இறங்கியிருக்கும். அதை 10,000 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் அது போக வேண்டும். அங்கே வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துப் பேஸ் ஆயிலாகவே திரும்ப எடுப்பார்கள். வருகிறவரிடம் பொறுமையாகச் சொல்லி அனுப்புங்கள்.

சாம்பிள் எடுப்பது

வாடிக்கையாளரின் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் டேங்கின் நடு மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். அடி வால்விலிருந்து எடுத்தால் தண்ணீரும் சேறும்தான் வரும். நின்றுபோன மெஷினின் மேல் மட்டத்தில் எடுத்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். இரண்டும் பொய். சாம்பிள் குழாயிலிருந்து முதலில் வருகிற அரை லிட்டரைத் தனியாகப் பிடித்துவிட்டுப் பிறகு பாட்டிலைப் பிடியுங்கள்.

வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலாக, மோர் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர். பாட்டிலைக் குலுக்கி வைத்து அரை மணி கழித்துப் பாருங்கள். மங்கல் மேலிருந்து தெளியத் தொடங்கினால் அது தண்ணீர் இல்லை, அடி எண்ணெயோடு கலந்த காற்று மேலே போகிறது என்று சில பேர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். காற்றுக் குமிழி மேலே போகும்போது தெளிவது அடியிலிருந்து மேலாக. மேலிருந்து கீழாகத் தெளிந்தால் ஏதோ படிகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பாதி லேப் உங்கள் கையில்.

அடுத்தது வெடிப்புச் சோதனை. ஹாட் பிளேட்டைச் சுமார் 130 முதல் 160 டிகிரிக்குச் சூடாக்கி இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். தாளிக்கும்போது கடுகு பொரிவதுபோல் படபடத்தால் தண்ணீர் உறுதி. கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கும். சத்தம் வரவில்லை என்பதால் தண்ணீரே இல்லை என்று ஆகிவிடாது. சுமார் 500 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 500 பங்கு) குறைவாக இருந்தால் இந்தச் சோதனை பேசாமல் இருந்துவிடும். சரியான அளவு வேண்டுமென்றால் லேபில் கார்ல் ஃபிஷர் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர்

எங்கள் மெஷினுக்கு 500 பிபிஎம்தான் எல்லை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் வோல்டேஜ் கொடுப்பதில்லை. உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். 500 பிபிஎம் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? 200 லிட்டர் பேரலில் 100 மில்லி. தெருமுனைக் கடையில் கொடுக்கிற ஒரு டீ கிளாஸ் தண்ணீர். ஒரு முழு பேரலைக் கெடுக்க அவ்வளவு போதும்.

ஏன் இவ்வளவு பயம்? மின்புலத்துக்குள் தண்ணீர்த் துளிகள் சும்மா இருக்காது. டீசால்ட்டரில் செய்ததையே இங்கேயும் செய்யும், ஒன்றையொன்று இழுத்து வரிசையாக நிற்கும். பாசிமணி கோத்ததுபோல் ஒரு தகட்டிலிருந்து மறு தகடு வரை சரம் கட்டும். டீசால்ட்டர் தண்ணீரைத் தாங்கும்படி கட்டப்பட்டது, நம் மெஷின் அப்படிக் கட்டப்படவில்லை. சரம் முழுதானதும் கரண்ட் அதன் வழியே பாயும். பேப்பர் நனைந்திருந்தால் இன்னும் மோசம், பேப்பரே கம்பியாகிவிடும்.

2015 டிசம்பர் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதம் ஒரு கம்பெனியின் பிரஸ் டேங்கில் வெள்ளத் தண்ணீர் புகுந்துவிட்டது. அடியில் இருந்ததை வடித்துவிட்டார்கள், ஆயில் பார்க்கக் கொஞ்சம் மங்கல்தான். அவர்களுக்கு உற்பத்தி நின்றுபோன அவசரம், எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்து வந்த அவசரம். வெடிப்புச் சோதனை செய்யவில்லை. பம்ப் போட்டேன், வோல்டேஜ் போட்டேன். மில்லியாம்ப் முள் சரசரவென்று ஏறியது. உள்ளே சுள்ளி ஒடிகிற சத்தம் இரண்டு முறை கேட்டது, பிறகு சப்ளை ட்ரிப் ஆனது. திறந்து பார்த்தபோது மடிப்புப் பேப்பரில் வேர் விட்டதுபோல் கறுப்பாகக் கிளைகிளையாகக் கருகியிருந்தது. தகட்டில் மிளகளவுக் குழிகள் விழுந்திருந்தன. செட் பேப்பர் முழுதும் போனது, இரண்டு நாள் போனது. ஆயில் இருந்ததைவிடக் கறுப்பானது. எங்கள் ஃபோர்மேன் திட்டவில்லை. கருகின பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து என் கையில் கொடுத்து, "தண்ணிய எடுத்துட்டுதான் கரண்ட்ட தொடணும். இத வெச்சிக்க" என்றார். அது இன்னமும் என் டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருக்கிறது.

எப்படி எடுப்பது? நிறைய இருந்தால் முதலில் ஆறவிட்டுப் படியவைத்து அடி வால்வில் வடியுங்கள். ஒரு ராத்திரி முழுக்க அசையாமல் இருக்கட்டும். அதன் பிறகும் மங்கல் இருந்தால் வாக்குவம் டீஹைட்ரேட்டரில் விடுங்கள். காற்றழுத்தத்தைக் குறைத்தால் 60, 65 டிகிரியிலேயே தண்ணீர் ஆவியாகிப் போகும், ஆயிலைக் கருக்கவேண்டியதில்லை. தண்ணீர் உறிஞ்சும் ஃபில்டர்களும் உண்டு, அவை கொஞ்சம் தண்ணீருக்குத்தான் சரிப்படும்.

எடுத்த தண்ணீர் திரும்ப வராமலும் பார்க்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் முழுக்கக் கடற்காற்று. பகலில் சூடான டேங்க் ராத்திரி ஆறும்போது காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஈரம் டேங்கின் மேல் தகட்டில் வியர்த்து ஆயிலில் சொட்டும். டேங்கின் மூச்சுக்குழாயில் சிலிக்கா ஜெல் பிரீதர் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் அதை வாரம் ஒருமுறை பார்க்கிறோம்.

எர்த், உப்பு, பூட்டு

இந்தப் பகுதியைப் படித்துவிட்டதால் மட்டும் யாரும் உயர் மின்னழுத்தப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். அது தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. உங்கள் வேலை, திறக்கிற சூழ்நிலையே பாதுகாப்பானதா என்று பார்ப்பது.

மில்லியாம்ப்தானே என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு தகடு, நடுவில் மின்கடத்தாப் பொருள் என்றால் அதுவே ஒரு கெபாசிட்டர். ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கும். மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, எர்த் செய்த டிஸ்சார்ஜ் ராடால் தகட்டைத் தொட்ட பிறகுதான் கை போக வேண்டும். மூடியில் இருக்கிற பாதுகாப்பு ஸ்விட்சைக் கம்பி போட்டு ஏமாற்றுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி ஓடுகிற மெஷினில் வேலை செய்ய மறுத்துவிடுங்கள். நான் இருந்தால் உங்கள் பக்கம் நிற்பேன்.

கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்று, உப்பு. பீங்கான் இன்சுலேட்டரிலும் கேபிள் முனையிலும் கடற்காற்று கொண்டுவருகிற உப்பு மெல்லிய படலமாகப் படியும். வெயிலில் அது தூங்கும். விடியற்காலைப் பனியில் நனைந்ததும் கடத்தத் தொடங்கும். காலை ஆறு மணிக்குப் போட்டால் ட்ரிப் ஆகிறது, பத்து மணிக்குப் போட்டால் ஓடுகிறது என்றால் ஆயிலைச் சந்தேகப்படுவதற்கு முன் இன்சுலேட்டரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

மின்னேற்றம் நாம் கூப்பிடாத இடத்திலும் வரும். மிக நுண்ணிய ஃபில்டர் வழியாகச் சுத்தமான ஆயில் வேகமாகப் போனால் உரசலிலேயே மின்னேற்றம் உண்டாகும். ஃபில்டர் கூட்டுக்குள் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் அது பொறி. சுத்தமான ஆயில் மின்னேற்றத்தை எளிதில் விடாது, எர்த் செய்த டேங்குக்குள் வந்த பிறகும் அது வடிய நேரம் எடுக்கும். அதனால் ஓட்டத்தை நிறுத்திய உடனே இரும்பு டிப் ராடை உள்ளே விடாதீர்கள், பெரிய டேங்கென்றால் அரை மணி விடுங்கள். பேரல், பம்ப், டேங்க் மூன்றையும் கம்பியால் இணைத்து எர்த் செய்யுங்கள். பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் புனலும் வேண்டாம்.

ஓட்டுவது

முதலில் காந்தமும் சாதாரண ஃபில்டரும். இரும்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும், அதை வோல்டேஜுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். பிறகு பம்பை மட்டும் போட்டு ஆயிலை நிரப்புங்கள். மேலே உள்ள ஏர் வென்ட்டைத் திறந்து குமிழி இல்லாமல் ஆயில் வழிகிற வரை காத்திருங்கள். ஆயில் தாங்குகிற வோல்டேஜைக் காற்று தாங்காது, உள்ளே காற்றுப் பை இருந்தால் அங்கேதான் முதல் பொறி. பத்து நிமிடம் வெறும் ஓட்டம். அதன் பிறகு வோல்டேஜ். முள்ளைப் பாருங்கள். மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால் நல்லது. துடித்தால் அணைத்துவிட்டுக் காற்றா, தண்ணீரா என்று தேடுங்கள்.

சூடு விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். விஜி 46 (குழகுழப்பைக் குறிக்கிற தர எண்) ஆயில் 40 டிகிரியில் இருக்கிற குழகுழப்பு 60 டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். துகள் நகர்வது எளிதாகும். அப்படியென்றால் இன்னும் சூடாக்கலாமே? கூடாது. வார்னிஷ் சூட்டில் ஆயிலோடு கரைந்துவிடும், கரைந்ததை மின்புலம் பிடிக்காது. தண்ணீர் எடுக்கச் சூடு வேண்டும், வார்னிஷ் எடுக்க ஆறியிருக்க வேண்டும். நாங்கள் தண்ணீரை எடுத்த பிறகு ஆயிலை ஆறவிட்டு 40 டிகிரியை ஒட்டித்தான் ஓட்டுகிறோம்.

எவ்வளவு நேரம்? 500 லிட்டர் டேங்க், மெஷின் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 100 நிமிடத்தில் ஒரு சுற்று. ஆனால் ஒரு சுற்றில் டேங்க் சுத்தமாகாது. சுத்தமான ஆயில் அதே டேங்கில் அழுக்கோடு கலக்கிறது அல்லவா? கணக்குப் போட்டால், ஒரு சுற்று முடிந்தபோது சுமார் 37 சதவீத ஆயில் மெஷின் பக்கமே வந்திருக்காது. மூன்று சுற்றில்கூட 5 சதவீதம் வராமல் இருக்கும். வந்ததிலும் எல்லாத் துகளும் ஒரே தடவையில் பிடிபடாது. அதனால்தான் நாள் கணக்கில் ஓட்டுகிறோம். ஓட்டத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்த்தால், துகள் பேப்பரைத் தொடுவதற்குள் ஆயில் அதை வெளியே அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் நாள் ஒரு அதிர்ச்சி வரும், தயாராக இருங்கள். சாம்பிள் முதல் நாளைவிட மோசமாக இருக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் போன் செய்வார். ஆயில் சுத்தமானதும் அதற்குப் பிசினைக் கரைக்கிற பசி வந்துவிடுகிறது, குழாயிலும் டேங்க் சுவரிலும் வருடக்கணக்கில் ஒட்டியிருந்த வார்னிஷை அது உரித்து எடுக்கிறது. நாம் தேடி வந்ததே அதைத்தான். தொடர்ந்து ஓட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது

நிறம் பார்த்து நிறுத்தாதீர்கள். ஐஎஸ்ஓ 4406 என்ற தரத்தில் சுத்தத்தை மூன்று எண்ணால் சொல்வார்கள், உதாரணமாக 18/16/13. ஒரு மில்லி ஆயிலில் 4 மைக்ரானுக்கு மேல், 6 மைக்ரானுக்கு மேல், 14 மைக்ரானுக்கு மேல் எத்தனை துகள் என்பதற்கான குறி அவை. 18 என்றால் 1,300-லிருந்து 2,500 துகள் வரை. எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு. 21 என்பது 18-ஐவிடக் கொஞ்சம்தானே அதிகம் என்று நினைக்காதீர்கள், எட்டு மடங்கு. சீல் உடைத்த புது பேரலையும் எண்ணிப் பாருங்கள், நுண்ணிய இடைவெளியுள்ள சர்வோ வால்வு தாங்காத அளவு அழுக்கு அதிலேயே இருப்பதுண்டு.

வார்னிஷ் இந்த எண்ணிக்கையில் சிக்காது. அதற்குப் பேட்ச் சோதனை. 50 மில்லி ஆயிலோடு அதே அளவு பெட்ரோலியம் ஈதர் கலந்து 0.45 மைக்ரான் வெள்ளைத் தாளில் வடிப்பார்கள். தாளில் விழுகிற கறையின் அடர்த்திதான் விடை. ஈதர் மிக எளிதில் தீப்பற்றும், அதனால் லேபில் மட்டும், காற்றோட்டத்தில் மட்டும் செய்ய வேண்டும். முதல் நாள் தாள் காபிப்பொடி நிறத்தில் இருக்கும். நாலாம் நாள் தாள் வைக்கோல் நிறத்துக்கு வந்து, அடுத்த நாளும் அப்படியே நின்றால் முடித்துக்கொள்ளலாம்.

பேப்பரைக் கழற்றுவது

மேலே சொன்ன பூட்டும் டிஸ்சார்ஜும் முடிந்த பிறகு மூடியைத் திறங்கள். நல்ல வேலை நடந்திருந்தால் மடிப்பின் முனைகளில் மட்டும் பட்டையாக, வெல்லப்பாகு இறுகினதுபோல் பழுப்புப் படிவு இருக்கும். பள்ளங்களில் பேப்பர் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். மின்புலம் எங்கே நெருக்கமாக இருந்தது என்பதை அந்தக் கோடுகளே காட்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் இதை ஒருமுறை கையுறையோடு தடவிப் பார்க்கச் சொல்வேன். பேப்பர் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஆயில் ஈரமாக இருந்திருக்கிறது அல்லது வோல்டேஜ் சரியாக வரவில்லை.

கழற்றின பேப்பரும் வடித்த சேறும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. 2016-ஆம் வருட அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயிலும் அது ஊறின ஃபில்டரும் அபாயகரக் கழிவு. மூடி உள்ள டிரம்மில் லேபிள் ஒட்டி, கசிந்தால் பிடிக்கிற தட்டின் மேல் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவரிடம் ரசீதோடு கொடுக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் தேக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது வலையும் படகும் கறுத்து நின்றதை நாங்கள் நேரில் பார்த்தோம். கால்வாயில் ஊற்றுகிற ஒரு வாளியும் அதே கழிமுகத்துக்குத்தான் போகும். எங்கள் ஷெட்டில் டிரம் நிரம்பினால் வேலையை நிறுத்துவோம், ஊற்றமாட்டோம்.

கடைசி சாம்பிளைப் பாட்டிலில் எடுத்து மூடுங்கள். தேதி, மெஷின் நம்பர், ஓடிய மணி, தண்ணீர் எத்தனை பிபிஎம் என்று சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பென்சிலில் எழுதுங்கள், ஆயில் பட்டால் பேனா மை ஓடிவிடும்.